வலது பக்கக் கண்ணாடி

என் கணவருக்குக் கண் தெரியாது. ஐந்து வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போயின. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பாதியில் தெரிந்துகொண்டு, ஐயோ பாவம், கண்ணில்லாத மனுஷனை இப்படிச் செய்தாளே என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். அவரும் லேசுப்பட்டவர் இல்லை, நானும் இல்லை.

கச்சிராயபாளையம் போகிற சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் சரித்திர வாத்தியார். அதே பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டிலிருந்து அங்கே போக நல்ல வெயிலில் முக்கால் மணி நேரம் மிதிக்க வேண்டும். பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் படியேறும்போது நாலு பேர் அவர் தோளைப் பிடித்து மூட்டை ஏற்றுவதுபோல உள்ளே தள்ளுவார்கள். அது அவருக்கு ஆகாது. சரி, மொபெட் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன், பின்னால் உட்காருங்கள் என்றேன்.

"ஒண்ணும் செய்யாம பின்னாடி குந்திகினு வர்றதுக்கு நான் வூட்டுலயே குந்திகினு இருப்பேன். எனக்குக் காலு நல்லாத்தான கீது?" என்றார்.

அதற்காகத்தான் ரெட்டை சைக்கிள். லேடீஸ் சைக்கிள் ஒன்றின் முன்பாதியையும் ஜென்ட்ஸ் சைக்கிள் ஒன்றின் பின்பாதியையும் சேர்த்து வெல்டிங் பட்டறையில் ஒட்டவைத்து வாங்கினோம். நான் முன்னால், அவர் பின்னால். நாலு பெடல், இரண்டு சீட்டு, இரண்டு ஹேண்டில்பார். அவருடைய ஹேண்டில்பார் திரும்பாது, பிடித்துக்கொள்ள மட்டும்தான். ஊரில் எங்களைப் பார்த்ததும் "கூட்ஸ் வண்டி வருது, கேட்டைப் போடு" என்று கத்துவார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கே சலித்துப்போனது.

அவருக்கு அந்த வண்டியில் இரண்டு வேலை. ஒன்று மிதிப்பது. இன்னொன்று, பின்னால் வருவதைக் காதால் கேட்டுச் சொல்வது. "டவுன் பஸ்ஸு." "கரும்பு ட்ராக்டரு, ரெண்டு டிரெய்லரு, நல்லா ஒதுங்கு." "புல்லட்டு, அவன் போவட்டும்." டயர் சத்தத்தை வைத்தே வண்டி காலியா லோடா என்று சொல்வார். அத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்ததில்லை. பார்க்க அவசியம் இருந்ததில்லை. வகுப்பில் பிள்ளைகளிடம்கூடப் பெருமையடித்துக்கொள்வார்: "அந்தம்மாவுக்கு முன்னாடி மட்டுந்தான்டா தெரியும். பின்னாடி பூரா நாந்தான்."

அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது அது கெட ஆரம்பித்தது. ஒரு நாள் பால் வேன் ஒன்று அவர் வாயைத் திறக்காமலேயே என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. இன்னொரு நாள், "பஸ்ஸு" என்றார். நான் பதறிச் சேற்றில் இறங்கினேன். பஸ்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை. வரப்பில் நின்றிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"தூங்கிகினு வரீங்களா?"

"வந்துகினு இருந்திச்சி. எங்கியாவது திரும்பியிருக்கும்."

"எங்க திரும்பும்? வயல்லயா?"

ஏன் இப்படி ஆகிறது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிவிட்டால் இந்த மனுஷனை நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம் என்றுதான் தோன்றியது. சந்தோஷமாகவே தோன்றியது, அதையும் மறைப்பானேன்.

கடைவீதியில் ஒரு பாய் சைக்கிள், மொபெட் சாமான் கடை வைத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை வண்டியோடும் அவரோடும் அங்கே போனேன்.

"வாங்க சார், வாங்கம்மா. இன்னா வேணும்?"

"பின்னாடி பாக்குற கண்ணாடி."

"ரெட்டை வண்டிக்கு இன்னாத்துக்குங்க கண்ணாடி? அதான் சார் கீறாரே பின்னாடி."

"சாரு இப்பல்லாம் ஒழுங்கா சொல்றதில்ல பாய்" என்றேன். கடையில் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.  என் கணவர் சீட்டிலிருந்து இறங்கவே இல்லை.

ரெட்டை சைக்கிளுக்குக் கண்ணாடி பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை. சாதாரண சைக்கிளில் பின்னால் யாரும் இல்லாததால் எந்தக் கண்ணாடியை மாட்டினாலும் சாலை தெரியும். பாய் முதலில் மாட்டிய சின்ன வட்டக் கண்ணாடியில் முழுக்க முழுக்க என் கணவர் முகம்தான் இருந்தது.

"சாரை நல்லா பாத்துகினே போலாம்மா" என்று பாய் சிரித்தார்.

"இருவத்தஞ்சி வருசமா பாத்தாச்சி பாய். ரோடு தெரியட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

அப்புறம் மொபெட்டுக்கு வருகிற நீளக் கம்பி வைத்த கண்ணாடிகளை எடுத்துப் போட்டார் பாய். கம்பி என் கணவர் தோளைத் தாண்டி வெளியே நீண்டால்தான் சாலை தெரியும். ஒன்றில் கம்பி மெலிது, தட்டினால் அரை நிமிஷம் நின்று ஆடியது. இன்னொன்றில் கடைவீதி முழுக்க, மணிக்கூண்டு வரைக்கும் தெரிந்தது. பஸ் ஆட்டுக்குட்டி அளவுக்கு இருந்தது. எனக்கு அது பிடித்துவிட்டது.

"எங்க, குடு" என்று என் கணவர் கை நீட்டினார். கண்ணாடியின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். "இது நடுவுல உப்பலா கீது. கிட்டத்துல வர்றத எட்டத்துல வர்றாப்ல காட்டும். இது வேணாம், ஏமாந்துடுவ." பிறகு ஒவ்வொன்றாக வாங்கித் தடவினார், கம்பியை விரலால் சுண்டிப் பார்த்தார், எடை பார்ப்பதுபோல் கையில் வைத்துத் தூக்கினார். கடைசியில் சதுரமாக, சமமாக இருந்த ஒன்றை எடுத்து நீட்டினார். "இதான். ஆடாது. பாய், நல்லா இறுக்கி முடுக்குங்க."

தன் வேலையைப் பிடுங்கப்போகிறதை அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். நல்லதாகவும் தேர்ந்தெடுத்தார். அந்தச் சமயத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வலது பக்கம் அதை எப்படித் திருப்பினாலும் உள்பக்க ஓரத்தில் அவருடைய வலது காது மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது. ஒதுக்க முடியவில்லை, விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து அவர் பின்னால் வருவதைச் சொல்வதை நிறுத்திவிட்டார். பழக்கத்தில் நான் முதல் இரண்டு நாள் காத்திருந்தேன்.

"இன்னாங்க, ஒண்ணும் சொல்லக் காணோம்?"

"கண்ணாடி கீதுல்ல? அதக் கேளு."

கேட்டேன். கண்ணாடி பொய் சொல்லவில்லை, சண்டைக்கு வரவில்லை, எனக்கு நிம்மதியாக இருந்தது. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை அவர் பேசாமல் மிதிப்பார், நானும் பேசாமல் மிதிப்பேன்.

சித்திரையில் எங்கள் பள்ளி வாத்தியார் ஒருவர் கல்வராயன் மலையில் புது வீடு கட்டிக் குடிபோனார். அடிவாரத்திலிருந்து ஐந்தாறு வளைவு ஏறினால் போதும். வண்டியைத் தள்ளிக்கொண்டே ஏறினோம். சாப்பிட்டுவிட்டு இறங்கும்போது ஏறி உட்கார்ந்தோம். நான் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்திருந்தேன். மலைப்பாதையில் கண்ணாடி உதவாது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வளைவுக்கு வளைவு அதில் பாறை தெரிந்தது, செடி தெரிந்தது, அவர் காது தெரிந்தது, சாலை தெரியவே இல்லை. மூன்றாவது வளைவில் பின்னாலிருந்து ஒரு ஜீப் டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உருண்டு வந்திருக்கிறது. எங்களைப் பார்த்து ஹாரன் அடித்தபோது அது எங்கள் மேலேயே இருந்தது. நான் இடது பக்கம் ஒடித்தேன். இரண்டு பேரும் ஓரத்துக் கால்வாயில் கிடந்தோம்.

எனக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. அவருக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. கண்ணாடிக்கும் ஒன்றும் ஆகவில்லை. வலியில் எனக்குக் கண் இருட்டியது.

"எஞ்சின் ஆஃப் பண்ணிகினு வந்தாலும் டயரு சத்தம் கேட்டிருக்குமே! கேக்கலியா உங்களுக்கு?"

 அவர் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"கேட்டுச்சி. ரெண்டு வளைவுக்கு முன்னாடியே கேட்டுச்சி. உன் கண்ணாடி இன்னா சொல்லுதுன்னு பாக்கலாம்னு வாய மூடிகினு வந்தேன்."

கையில் மாவுக்கட்டோடு நான் அவரை வெறுத்த மாதிரி என் வாழ்நாளில் யாரையும் வெறுத்ததில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன், இந்த ஆள் வேண்டுமென்றே என்னைக் கால்வாயில் தள்ளினார் என்று. அவர் மறுக்கவே இல்லை. கேட்டவர்களிடம், "ஆமா, கேட்டுச்சி, சொல்லல" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வார். அந்த நிமிர்வைப் பார்க்கும்போது எனக்குப் பற்றி எரியும். நாங்கள் பஸ்ஸில் பள்ளிக்குப் போனோம். நாலு பேர் அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். நான் தடுக்கவில்லை.

கட்டுப் பிரித்த வாரம் என் தங்கை போன் செய்தாள். அவர் இரண்டு கையாலும் டீ டம்ளரைப் பிடித்திருந்தார். நான் பேசிவிட்டுச் செல்லை அவருடைய வலது காதில் வைத்தேன். எப்போதும் செல்லைத் தானே வாங்கி இடது பக்கம் மாற்றிக்கொள்வார், அன்றைக்குக் கை ஒழியவில்லை. தங்கைக்கு வெண்கலக் குரல். "மாமா, நல்லா இருக்கீங்களா மாமா" என்று அவள் கத்துவது பக்கத்தில் நின்ற எனக்கே கணீரென்று கேட்டது.

"ஹலோ? ஹலோ?" என்றார் அவர். "கட்டாயிடுச்சி போலகீது."

நான் செல்லைக் கையில் பிடித்தபடி நின்றேன். அவள் உள்ளே கத்திக்கொண்டே இருந்தாள்.

சாலையில் வண்டிகள் எங்களைத் தாண்டுவது வலது பக்கமாகத்தான். அந்தக் காது செத்துப்போய் எத்தனை நாளாயிற்றோ. மிச்சமிருந்த இடது காதுக்குச் செயின் சத்தமும் காற்றும்தான் எட்டியிருக்கும். டவுன் பஸ் வரும் நேரத்தை மனப்பாடம் செய்துகொண்டு குத்துமதிப்பாக "பஸ்ஸு" என்றிருக்கிறார். பஸ் வராத அன்றைக்கு நான் சேற்றில் இறங்கினேன். மலையில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்வதைவிட, கட்டிய பெண்டாட்டியைச் சாகவிடப் பார்த்தவன் என்று ஊர் சொல்வது அவருக்கு மேலாக இருந்திருக்கிறது.

இங்கே எனக்கு இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. என் கை கட்டைவிரல் பக்கம் இன்னும் மடங்கவில்லை. ஒரு விஷயம் என் கையில் கிடைத்துவிட்டது என்றுதான் இருந்தது. அன்றிலிருந்து சோறு போடும்போது, சட்டைக் காலரைச் சரிசெய்யும்போது, எண்ணெய் தேய்த்துவிடும்போது அவருடைய வலது பக்கம் குனிவேன். அந்தக் காதோரம் வாயை வைத்து மெல்லச் சொல்வேன். பொய்க்காரா. செவிட்டு வாத்தியாரே. உன்னைக் கட்டிக்கொண்டு நான் என்ன கண்டேன். நீ எப்போ போவே. அதற்கு மேலும் சொன்னேன், அவற்றை எழுதக் கை வரவில்லை. அவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். எனக்கு வயிறு குளிர்ந்து போகும். ஒரு மாசம் இப்படி.

தங்கையும் அவள் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் என் கணவர் மலைக் கதையை ஆரம்பித்தார். இப்போது அது நன்றாக வளர்ந்திருந்தது. ஜீப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுகூட டயர் சத்தத்திலேயே தெரிந்துவிட்டதாம். "உங்க அக்கா கண்ணாடியில மூஞ்ச பாத்துகினு இருந்திச்சி" என்றார். தங்கை வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் என் கணவருடைய இடது பக்கமாகப் போய் நின்றேன்.

"அவருக்கு ஒண்ணும் கேக்கல. வலது காது செவிடு. ரொம்ப நாளா செவிடு. கண்ணும் இல்ல, காதும் இல்ல, ஜம்பத்துக்கு மட்டும் கொறச்சல் இல்ல."

 தங்கை தட்டுகளை அடுக்க எழுந்தாள். அவர் முன்னால் இருந்த தண்ணீர்ச் சொம்பைத் தேடி எடுத்து, குடிக்காமல் அதே இடத்தில் வைத்தார். மூன்று மணி பஸ்ஸுக்கு அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அப்புறம்தான் அவர் பேசினார். குரலில் கோபம் இல்லை.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ஒரு மாசமா."

"ஒரு மாசமா." அவர் வலது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "கேக்கலன்னாலும் மூச்சி படும். தெனம் வந்து இந்தப் பக்கம் இன்னாமோ சொல்லிகினு இருந்தியே. இன்னான்னு கேட்டா செவிடுன்னு தெரிஞ்சிடும்னு கேக்காம இருந்தேன். இத்தினி வருசத்துல நீ இப்டி கிட்ட வந்து பேசுனதே இல்ல. கை ஒடஞ்சப்புறம் எம்மேல பாசமாயிட்டன்னு நெனச்சிகினு, அசையாம குந்திகினு இருந்தேன்." முகத்தை என் பக்கம் திருப்பினார். "இன்னா சொன்னே?"

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். இடது பக்கம் நின்றுதான் சொன்னேன். அவருக்குக் கேட்டது.