தம்பிக்கு எடுத்து வைத்த துணி

அத்தா துணி கிழிக்கும் சத்தம் போர்ட் பிளேர் பஜாரில் நாலு கடை தள்ளியும் கேட்கும். ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு, பிறகு இரண்டு கையாலும் ஒரே இழு. நூல் பிடித்தாற்போல் நேராகக் கிழியும். கடைசிவரை கத்தரியால் வெட்டுகிறவர்களை அவர் ஜவுளிக்காரர்களாகவே மதித்ததில்லை. அப்படிப்பட்டவர் ஒரு நாள் ஒரு வெள்ளைத் துணியைச் சத்தமே இல்லாமல் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் உட்கார்ந்திருந்த எனக்கு எட்டு வயது.

தம்பி பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. ஏழு மாதம்கூட நிறையவில்லை. அம்மா பாராடாங் தீவில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்த இடத்தில் வலி கண்டுவிட்டது. அங்கிருந்த டாக்டரம்மா பிள்ளையின் நுரையீரலுக்கென்று அம்மாவுக்கு ஊசி போட்டு, துணைக்கு ஒரு நர்ஸையும் ஏற்றி அனுப்பினார். வண்டியோடு படகில் கடலைத் தாண்டி, காட்டு ரோட்டில் வந்து, இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகுதான் அவன் பிறந்தான். அந்த ஊசியும், வயிற்றுக்குள் இருக்கும்போதே வந்து சேர்ந்ததும்தான் அவனைக் காப்பாற்றின என்று பிற்பாடு எல்லாரும் பேசினார்கள். அப்போது யாரும் எதுவும் பேசவில்லை.

எனக்கு அதுதான் கோபம். டெலானிபூரில் எங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தை பிறந்ததற்குத் தெரு முழுக்க லட்டு வந்தது. எங்கள் வீட்டில் ஒரு கல்கண்டுகூட இல்லை. பெயர் வைக்கவில்லை. ஜவுளிக்கடைக்காரர் பிள்ளைக்கு ஒரு சட்டைத்துணி கிடையாதா? அதனால் அந்த வெள்ளைத் துணியைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது.

"யாருக்கு அத்தா?"

அவர் திரும்பவில்லை. "தம்பிக்கும்மா" என்றார். மடித்து, பேப்பரில் சுற்றி, மேஜையின் அடி டிராயரில் வைத்தார்.

பதினைந்து நாளுக்குப் பிறகு தம்பிக்கு மூச்சுக்காக வைத்த மூக்குக் குழாயை எடுத்தார்கள். அம்மாவின் பால் சொட்டுச் சொட்டாக உள்ளே போயிற்று. இனி அவனை அம்மா நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும், அந்தச் சூடுதான் மருந்து என்றார்கள். கேரளத்து நர்ஸ் அக்கா, கூடவே வந்து தங்கியிருந்த பெரியம்மாவிடம், "நல்ல மெல்லிசு காட்டன் கப்டா கொண்டு வா. ஏக்தம் சாஃப் ஹோனா!" என்று கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். துணி துளி அழுக்கில்லாமல் இருக்க வேண்டுமாம். அவர் எந்நேரமும் கை கழுவிக்கொண்டேதான் இருப்பார். எங்களையும் கழுவ வைத்தே தோலை உரித்துவிட்டார்.

நானும் பெரியம்மாவும் கடைக்குப் போனோம். அத்தா கப்பலில் வந்த சரக்கை இறக்க ஃபீனிக்ஸ் பேக்குப் போயிருந்தார். பெரியம்மா தொட்டுப் பார்த்த துணியெல்லாம் கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது. நான் ஓடிப்போய் டிராயரைத் திறந்தேன்.

"இத யாருடி வெட்டி வச்சது?"

"அத்தாதான். தம்பிக்குன்னு எடுத்து வச்சிருக்காக."

பெரியம்மா அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அவனுக்குத்தானே? எடு" என்றார். வீட்டுக்கு வந்ததும் அதைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் போட்டு, கல்லில் அடித்து, காய வைத்து, மறுபடியும் கொதிக்க வைத்தார். யாரையோ அடித்துத் துவைப்பதுபோல் இருந்தது.

சாயங்காலம் அத்தா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா சாய்ந்திருந்தாள். வெள்ளைத் துணிக்குள்ளிருந்து தம்பியின் தலை மட்டும் ஒரு ஆரஞ்சுப் பழ அளவுக்குத் தெரிந்தது. அத்தா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சி, அந்தத் துணி..." என்று பெரியம்மாவிடம் இழுத்தார்.

"ஒங்க புள்ளைக்கு நீங்க எடுத்து வச்சதுதானே மச்சான்? கட்டியாச்சு. ஒடம்பு சூடா இருக்கு, மூச்சு சீரா வருது. போய்ப் பாருங்க."

அத்தா அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கேட்காமல் டிராயரைத் திறந்ததற்குத்தான் என்று நினைத்து பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மறுநாளிலிருந்து அம்மா களைத்துப்போகும்போதெல்லாம் அத்தாவே கட்டிக்கொண்டார். பனியனோடு வாசலுக்குக்கூட வராத மனிதர், சட்டையைக் கழற்றிவிட்டு, அதே துணிக்குள் பிள்ளையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

தம்பிக்கு இப்போது இருபது வயது. கண்ணாடி தடிமன், மழைக்காலம் முழுக்க இருமல். கப்பல் வேலைக்குத்தான் போவேன் என்று நிற்கிறான். கப்பல்காரர்கள் கண்ணாடியைப் பார்த்ததும் திருப்பி அனுப்புகிறார்கள். எங்கள் வீட்டு வாசல் நிலையில் தினமும் தலையை இடித்துக்கொள்கிறான்.

நான் காலேஜில் படித்த காலத்தில் ஒருநாள் கடையில் இருந்தபோது ஒருவர் வந்தார். பிறந்து இரண்டு நாளில் போய்விட்ட குழந்தையை அடக்கம் செய்யக் கஃபன் துணி வேண்டும் என்றார். அத்தா வெள்ளைத் துணியை எடுத்து, கத்தரியால் கடைசிவரை மெல்ல வெட்டி, மடித்து, பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். தம்பிக்கு வெட்டிய அதே அளவு. அவர் போன பிறகு, ஏன் கிழிக்கவில்லை என்று கேட்டேன்.

"பெத்தவன் காதுல அந்தச் சத்தம் விழக் கூடாதும்மா."

தம்பிக்கு வெட்டிய அன்று கடையில் வாங்க வந்தவர் யாரும் இல்லை. அத்தாவும் நானும் மட்டும்தான் இருந்தோம்.

எட்டு வயதில் எனக்கு இருந்த மனத்தாங்கல் வேறு. அவ்வளவு நல்ல துணியை ஞாபகமாக எடுத்துக் கொடுத்தும், அத்தா என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.