எக்ஸ்ரேயில் விழாத வலி

தெற்கேயிருந்து வரும் ரயில்கள் விடியற்காலையில் தாம்பரத்தில் நின்றுதான் போகும். எங்கள் வீடு ஸ்டேஷனுக்குக் கிழக்கே, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் வீட்டின் தலையெழுத்து புரிந்துவிடும். வேலை தேடி வருகிறவர், கண் ஆபரேஷனுக்கு வருகிறவர், பெண் பார்க்க வருகிறவர், சும்மா பீச் பார்க்க வருகிறவர் என்று திருநெல்வேலிப் பக்கத்து உறவு முழுவதும் எங்கள் வீட்டில் குளித்து, இட்லி சாப்பிட்டு, அதற்குப் பிறகுதான் பட்டணத்துக்குள் போகும். போக மறந்து மாதக்கணக்கில் தங்கிவிடுகிறவர்களும் உண்டு. அப்பாவுக்கு இதில் ரொம்பப் பெருமை. இட்லி அவிப்பது அம்மா என்பதால் அந்தப் பெருமைக்கு ஒரு குறைவும் வரவில்லை.

அம்மா பள்ளிக்கூட டீச்சர். காலையில் அடுப்பு, பிறகு மின்சார ரயில், சாயங்காலம் கட்டுக்கட்டாகப் பரீட்சைப் பேப்பர், ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூல். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அவளுக்குக் கழுத்துவலி வந்தது. வலது தோளில் தொடங்கி, பிடரியில் ஏறி, காதுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ரயிலில் இறங்கிய ஒவ்வொருவரும் ஒரு வைத்தியத்தோடு இறங்கினார்கள். ஒருவர் தலையணையை எடுக்கச் சொன்னார், அடுத்தவர் இரண்டு தலையணை வைக்கச் சொன்னார். சேலையூரில் சுளுக்கு வழிக்கிற ஒருவர் அம்மாவின் கழுத்தைத் திருப்பியதில், ஒரு வாரம் அவள் வகுப்பில் கரும்பலகையை மட்டுமே பார்த்துப் பாடம் நடத்தினாள்.

கடைசியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் ஒன்றுமில்லை. அன்றோடு அம்மாவின் வலி எங்கள் வீட்டில் அதிகாரபூர்வமாக முடிந்துபோனது. அப்பா அந்தப் படத்தைக் காக்கி உறையில் போட்டு அலமாரியில் வைத்திருந்தார். யாராவது அம்மாவின் உடம்பைப் பற்றி விசாரித்தால் எடுத்து வந்து டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். "பாருங்க, எலும்பெல்லாம் கிளீனா இருக்கு" என்பார். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டுவார்கள். அம்மா பக்கத்தில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு காபித் தட்டோடு நிற்பாள். அப்பா கெட்டவரல்ல. பயந்திருந்தார், பயம் தெளிந்ததில் வந்த சந்தோஷம் அது. ஆனாலும் அம்மா நிற்பது அவர் கண்ணில் படவில்லை.

என் கண்ணில் பட்டது வேறு. தபால்காரர் கார்டு கொண்டுவந்து போடுவார். 'வியாழக்கிழமை ரயிலில் வருகிறோம்' என்று அம்மா படிப்பாள். படித்து முடிப்பதற்குள் அவளுடைய கை தானாகத் தோளுக்குப் போகும். கார்டில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைத்து நான் ஒருமுறை அதை மோந்துகூடப் பார்த்தேன்.

எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று அம்மாவைக் கேட்டவர் ஒருவர்தான், பக்கத்து பாய் வீட்டு அக்கா. துணி காயப்போடும்போது மதில்மேல் கையூன்றிக்கொண்டு, அம்மா சொன்னதை முழுவதும் கேட்டார். மருந்து ஒன்றும் சொல்லவில்லை. "எங்கிட்ட சொல்லி இன்னா டீச்சர் பிரயோஜனம்? வூட்டுல சொல்லு. வாயத் தொறந்து சொல்லு" என்றார். அம்மா ஈரப் புடவையை உதறிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

அந்தச் சமயம் அப்பாவின் அக்கா எங்கள் வீட்டில் இருந்தார். பல்செட் கட்ட வந்தவர். பல்செட் வந்து அதில் முறுக்கே தின்னப் பழகிவிட்டார், ஊருக்குப் போகிற பேச்சை மட்டும் காணோம்.

வெள்ளிக்கிழமைதோறும் சபையார் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். அந்த வாரம் எங்கள் முறை. சிட்லபாக்கத்திலிருந்தும் பெருங்களத்தூரிலிருந்தும் வந்தவர்கள் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் சபையை நடத்தும் உபதேசியார் ஒவ்வொருவராக ஜெபக் குறிப்பு கேட்பார். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், சரீர சுகம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அம்மா எப்போதும் போல, "விசேஷமா ஒண்ணுமில்ல ஐயா" என்றாள்.

எங்கள் கூட்டங்களில் ஒரு வசதி உண்டு. ஒருவரிடம் நேருக்கு நேர் சொல்ல முடியாததை ஜெபத்தில் சொல்லிவிடலாம். எல்லாருடைய கண்ணும் மூடியிருக்கும். ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருப்பவரை யாரும் குறுக்கே மறிக்க முடியாது. அத்தைக்கு இந்த வசதி நன்றாகத் தெரியும். தன் முறை வந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, என் தம்பி சம்சாரத்துக்கு ஒரு நோயும் இல்லன்னு நீரே எக்ஸ்ரேல காட்டினீரு. ஆனாலும் அவ வலிக்கு வலிக்குன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. அந்த எண்ணத்த அவ மனசுலருந்து எடுத்துப் போடும், தகப்பனே."

எல்லாரும் பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றார்கள். அப்பாவின் குரலும் அதில் இருந்தது.

"நான் ஆமென் சொல்லல" என்றாள் அம்மா.

நான் கண்ணைத் திறந்தேன். ஒவ்வொருவராக எல்லாருமே திறந்தார்கள். ஜெபத்துக்கு ஒருவர் எதிர்ப்பேச்சு பேசி அந்தக் கூடத்தில் யாரும் கேட்டதில்லை. உபதேசியார் தொண்டையைச் செருமி, "ஜெபிப்போம் சகோதரி" என்றார்.

"ஜெபிக்கலாம் ஐயா. நான் சொல்லி முடிச்சிடறேன்." அம்மாவின் குரல் முதலில் நடுங்கியது. அவள் அத்தையின் பக்கம் திரும்பியதும் அது வகுப்பறைக் குரலாக மாறியது. "மைனி, எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும். எனக்கு வலி இருக்கு. ஆள் வர்றாங்கன்னு கார்டு வந்தா பிடிக்குது. பேப்பர் திருத்தி முடியலன்னா பிடிக்குது. நாளைக்கு என்ன சமைக்கறதுன்னு நினைச்சுக்கிட்டே படுத்தா பிடிக்குது. மனசாலதான் வருதுன்னு நீங்க சொல்றது சரின்னே வச்சுக்குவோம். வர்றது நிஜமான வலி."

அம்மா இப்போது அப்பாவைப் பார்த்தாள்.

"இனிமே யாரும் மருந்து சொல்ல வேணாம். அந்தப் படத்தையும் காட்ட வேணாம். வலிக்குதுன்னு சொன்னா நம்புங்க. அன்னைக்கு அடுப்ப வேற யாராவது பாருங்க. என் ஜெபக் குறிப்பு இதுதான்."

அம்மாவைச் சபையைவிட்டு விலக்கிவிடுவார்கள் என்றே நினைத்தேன். அப்போது பெருங்களத்தூர் போஸ்ட் மாஸ்டரின் மனைவி மெதுவாக, "எனக்கு வயித்துல வரும். மாமியார் ரூம்ல இருமினாங்கன்னா போதும், சுருட்டிப் பிடிச்சுக்கும்" என்றார். மாமியாரும் அதே பாயில்தான் இருந்தார். அவருக்குக் காது மந்தம் என்பது ஆண்டவர் கிருபை. யாரோ சிரித்தார்கள். சிட்லபாக்கத்து அம்மாள் தன் முதுகைப் பற்றிச் சொன்னார். கூடம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. கடைசியில் உபதேசியாரே சனிக்கிழமைதோறும் பிரசங்கத்தை நினைத்தாலே தனக்கு மண்டையிடி வருவதை ஒப்புக்கொண்டார்.

அப்பா எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து எல்லாருக்கும் காபி வந்தது. சர்க்கரை போட மறந்திருந்தார். ஒருவர்கூடச் சொல்லவில்லை. அம்மா உட்கார்ந்த இடத்திலேயே தம்ளரை வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். மறுநாள் காலையில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அத்தை துருவிக்கொண்டிருந்தார்.

அந்த மாதக் கடைசியில் வந்த உறவுக்காரர்களை அப்பா ஸ்டேஷனிலிருந்து நேராக ஓட்டலுக்கு அழைத்துப்போய் இட்லி வாங்கிக் கொடுத்தார். எக்ஸ்ரே படம் டியூப் லைட்டைப் பிறகு பார்க்கவேயில்லை.

ஆனால் வலி போகவில்லை. அவ்வளவு பேர் கூடி ஜெபித்தும் அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவின் கை தோளில்தான் இருந்தது. ஆண்டவர் எங்கள் வீட்டுக் குறிப்பை மட்டும் விட்டுவிட்டார் என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அன்று கூட்டம் சிட்லபாக்கத்தில். உபதேசியார் குறிப்பு கேட்டுக்கொண்டே வந்து அம்மாவிடம் நின்றார். "எனக்குக் கழுத்து வலிக்குது ஐயா" என்றாள் அம்மா, கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கிற குரலில். யாரும் மருந்து சொல்லவில்லை. அப்பா தன் முதுகுக்கு வைத்திருந்த தலையணையை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். அம்மா அதில் சாய்ந்துகொண்டாள். விளையாட்டு விழாவில் முதல் பரிசு வாங்கியவளைப் போல அவள் முகம் இருந்தது. வலிக்கிறது என்று சொல்கிற ஒருத்திக்கு எதற்கு இத்தனை சந்தோஷம் என்று அன்று எனக்கு விளங்கவேயில்லை.