அக்கா விதைக்கு விட்ட மூன்று செடிகள்

லெட்டூஸ் கீரையின் தண்டை ஒடித்தால் வெள்ளைப் பால் கசியும். அந்தக் கசப்பு வாசனை மூக்கில் ஏறினால் இன்றும் அரிவாளைக் கீழே வைத்துவிடுகிறேன். அறுத்தவன் நான்தான்.

அக்கா வண்டன்மேட்டு ஏலக்காட்டில் பிறந்தார். மணமாகி மாட்டுப்பட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். அத்தான் இளவயதிலேயே மறைய, கொழுந்துக் கூடை அக்காவின் முதுகில் ஏறியது. மழையும் மஞ்சும் நெஞ்சுக்குள் இளைப்பாக இறங்கின. மலை ஏற ஏற மூச்சு நின்று நின்று வந்தது. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு வாக்கில், மேலாளர் துரையின் பங்களாவில் மலை ஏறத் தேவையில்லாத தோட்டக்காரி வேலை காலியானது. அங்கிருந்த லெட்டூஸ் எல்லாம் உறைபனியில் கருகிவிட்டது. பழைய துரைசானி ஊருக்குப் போகும்போது கொடுத்த விதையில் அக்காவின் வீட்டுப் பின்புறம் மூன்று வகை நின்றன: கோசு போல் உருண்டது, நெட்டையாய் நிமிர்ந்தது, சிவந்து சுருண்டது. “மூணையும் இங்க வளத்துக் காட்டு, வேலை உனக்கு” என்றிருந்தார் புதுத் துரை.

“வேக வைக்காம திங்கிற கீரையாம்ல! ஆடா தாயி நீ?” என்பார் பக்கத்து வீட்டு மதினி. அக்கா சிரிக்கவில்லை. துரைசானி கொடுத்த விதை தீர்ந்துவிட்டதால், வகைக்கு மிஞ்சிய ஒரு செடியை விதைக்கென்று பூக்க விட்டு, நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பள்ளி விடுமுறைக்குப் போன வாத்தியார் நான். இடுப்புயரம் முற்றி நின்ற மூன்றையும் கண்டேன். பூத்த கீரை மாட்டுக்கு என்பது எங்கள் வீட்டு வழக்கம். உதவி செய்கிற நினைப்பில் அறுத்துப் பசுவுக்குப் போட்டேன்.

கொழுந்து நிறுத்துவிட்டு மூச்சு இளைத்தபடி வந்தார் அக்கா.

“செடி எங்கடா?”

“பூத்த கீரைதானேக்கா... பசுவுக்கு...”

தொழுவத்துக்கு ஓடினார்.

“படிச்ச தம்பி வந்தாக, பசு வயிறு நெறஞ்சுச்சு” என்றார் மதினி.

சிவந்ததன் தண்டு ஒன்று மட்டும் மிஞ்சிக் கிடந்தது. பூக்கள் கூம்பி, நுனியில் வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்த்தது. அதை விட்டத்தில் தலைகீழாகக் கட்டி, கீழே வேட்டி விரித்தார். பத்து நாள். காற்றே, அசையாதே. விதைத்த பின் இன்னும் ஆறு நாள். விடுப்பை நீட்டி உடனிருந்தேன்; அக்கா என்னோடு ஒரு சொல் பேசவில்லை. ஏழாம் காலை மண்ணில் பச்சைப் புள்ளிகள்.

நாற்று இரண்டிலை விட்டதும் பங்களாவுக்குப் போனோம். வாய் திறக்கப்போன என்னைக் கையால் தடுத்தார்.

“மத்த ரெண்டும் போச்சுங்கய்யா. என் கைத்தப்பு.”

துரை நாற்றைப் பார்த்தார். அக்காவின் நெஞ்சு ஏறி இறங்குவதையும் பார்த்தார். “திங்கக்கெழம வேலைக்கு வா.”

திரும்பும் வழியில்தான் அக்கா என்னிடம் பேசினார். “இனிமே கேட்டுட்டு அறு.”

வீடு கடைசிவரை அவரிடமே இருந்தது. சென்ற ஆண்டு, ஓய்வுக்கு முன்பே, இளைப்பு முற்றியபோது, நாற்காலியில் சுமந்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் சேர்த்த லயத்து உறவுகளே, வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த மதினியே, உங்களை எங்கள் குடும்பம் கைகூப்பித் தொழுகிறது. நீங்களெல்லாம் வெளியே நின்றிருந்த அந்த நேரத்தில், அக்கா வீட்டுச் சாவியை என் உள்ளங்கையில் அழுத்தி, மூச்சு வாங்கிச் சொன்னார்:

“ஆபீசுல இருந்து வந்து கேக்குறதுக்கு முந்தி, நீயே கொண்டு குடுத்துரு தம்பி.”