பன்னிரண்டாவது கோட்டை

ஆந்திரம் பிரிந்து போய், மைசூர் எல்லை எங்கே வந்து விழுமோ என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த நாட்கள். குருபரப்பள்ளிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊருக்கு நான் கர்ணம், நிலக்கணக்கு எழுதுகிறவன். நாற்பத்தைந்து வயது, தொப்பை, ஊரில் யாரையும் கேலி பேசாமல் விடாத வாய். ஆனால் ஜீப்பிலிருந்து ஓர் அதிகாரி காலைக் கீழே வைத்தால் போதும், அந்த வாய் எங்கே போய் ஒளியும் என்று எனக்கே தெரியாது.

அன்று ஓர் அதிகாரி வந்தது ஒரு பட்டா விஷயமாக. கூலிக்காரர் ஒருவர் கரட்டடியில், அந்தச் சின்னப் பாறைக்குன்றின் ஓரமாக, இரண்டு ஏக்கர் புறம்போக்கைத் திருத்திக் கேழ்வரகு போட்டுவந்தார். அப்பன் காலத்திலிருந்து நிலத்தில் பொறுக்கிய கற்களைக் கரட்டின் மேல் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பட்டா கொடுக்கலாம் என்று நானே எழுதி அனுப்பியிருந்தேன். இவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அதிகாரி இளநீரைக் குடித்துவிட்டு, "இந்தச் சீமைக்குப் பாராமகால் என்று ஏன் பெயர் வந்தது?" என்றார்.

இது எனக்குத் தெரியும். பாரா என்றால் பன்னிரண்டு, மகால் என்றால் அரண்மனை, பன்னிரண்டு மலைக்கோட்டைகள் இருந்த சீமை என்றேன். மகால் என்பது அரண்மனையே இல்லை, வரி வாங்குகிற பகுதி என்று சொல்கிறவர்களும் உண்டு என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எங்கே, பன்னிரண்டையும் சொல்லுங்கள்."

கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகாராஜகடை, தட்டக்கல் என்று விரல் மடக்க ஆரம்பித்தேன். ஒருவர் சொல்லும் பட்டியல் இன்னொருவர் பட்டியலோடு ஒத்துப்போகாது. அதையே பதிலாகச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். பதினொன்றில் நின்றுவிட்டது. மறுபடி கிருஷ்ணகிரி என்றேன். "அது ஆகிவிட்டதே" என்றார். என் கை தானாக எழுந்து எதிரே இருந்த கரட்டைக் காட்டியது.

"பன்னிரண்டாவது இதுதாங்க ஐயா."

அவர் குடுகுடுவென்று மேலே ஏறினார். "சுவர்கூடத் தெரிகிறதே!"

கக்கத்தில் துண்டை இடுக்கிக்கொண்டு பின்னால் நின்ற கூலிக்காரர் பதறிப்போனார். "சாமி, அது எங்கப்பன் பொறுக்கிப் போட்ட கல்லுங்க."

அதிகாரி சிரித்தார். "உன் அப்பன் கோட்டை கட்டினானா? என்ன கர்ணம்?"

உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் "ஆமாங்க ஐயா" என்றேன். எதற்கு ஆமாம் என்று சத்தியமாக எனக்கே தெரியாது. அவர் தனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டார்.

உத்தரவு வந்தது. கோட்டை இருந்த இடம், பட்டா கிடையாது, பயிர் வைக்கக்கூடாது, அளந்து எல்லைக்கல் நட வேண்டும். திருத்தம் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். அதிகாரியிடம் பொய் சொன்னவன் என்று வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்களே என்ற பயத்தில் இரண்டைக் கிழித்தேன். மூன்றாவதை அனுப்பினேன். அதைப் படித்தவர்கள் அதிகாரிக்கு வாழ்த்துமடல் என்று நினைத்திருப்பார்கள், அவ்வளவு பணிவு. பதிலே இல்லை.

அளக்கப் போன அன்று என்னோடு வர வேண்டிய ஊர்க்காவல்காரர் தலையாரிக்குக் காய்ச்சல். அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் நின்றேன். கூலிக்காரரே வந்து பிடித்தார். கேழ்வரகு முழங்கால் உயரம். அதை மிதிக்காமல் பக்கவாட்டில் நடந்து போனார்.

அவர் மனைவி வரப்பில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கம் பாதிப் பேர் வீட்டில் பேசுவது தெலுங்குதான். "ஏ ராஜு சாமி?" என்றாள். எந்த ராஜாவின் கோட்டையாம் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற நான் நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"அவரு சொல்லமாட்டாரு, நீ சும்மா இரு" என்றார் புருஷன். பிறகு என் பக்கம் திரும்பி, "சாமி, சங்கிலி தொங்குதுங்க. இழுத்துப் புடிங்க, அளவு தப்பாயிடும்" என்றார்.

இழுத்துப் பிடித்தேன்.