அரை இஞ்ச் டிரில்

சோலூர்ப் பக்கம் ஒரு டீ ஃபாக்டரியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு வாய் நீளம். மழை நாட்களில் இன்னும் கொஞ்சம் நீளும். அன்றைக்குக் காலையில், பின்னைத் தாங்கும் புஷ் என்கிற உலோக வளையம் தேய்ந்து, இலை உருட்டும் ரோலர் நின்றுவிட்டது. மாடியில் கொழுந்து வாடித் தயாராகக் கிடந்தது. மதியத்துக்குள் ரோலர் ஓடாவிட்டால் அத்தனையும் பாழ். புதிய புஷ் கடைய என்னிடம் இருந்ததோ மூன்றே மூன்று கன்மெட்டல் வெண்கலத் துண்டுகள்.

முதல் துண்டை லேத்தின் சுழலும் சக்கில் பிடித்து, அதற்கு எதிர்முனையில் நிற்கும் டெயில் ஸ்டாக்கில் அரை இஞ்ச் டிரில்லை மாட்டித் துளைத்தேன். ரோலரின் அரை இஞ்ச் பின்னை அந்தத் துளையில் போட்டால் லொடலொடவென்று ஆடியது. டிரில்லைச் சாணை பிடித்து இரண்டாவதைத் துளைத்தேன். அதுவும் அதே லட்சணம். இதற்கு நடுவே, தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வாசலில் வந்து நின்று, ஆயிற்றா ஆயிற்றா என்று உயிரை வாங்கினார்.

பழியை யார் தலையிலாவது கட்டியாக வேண்டும். பக்கத்தில் ஃபிட்டர் நின்றிருந்தார். போன வாரம் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட அந்த டிரில்லை எடுத்துப்போயிருந்தார். என்னிடம் கேட்டுத்தான் எடுத்துப்போனார். ஆணியில் மோதி அதைக் கெடுத்துவிட்டார் என்று மேக்கர் காதுபடவே பொரிந்து தள்ளினேன். ஃபிட்டர் ஏதோ சொல்ல வந்தார். வேலை நேரத்தில் கதை வேண்டாம் என்று அடக்கிவிட்டேன்.

மேக்கர் போனதும் மூன்றாவது துண்டை எடுத்தேன். ஃபிட்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, நேத்து அந்தத் தண்டைச் சாய்வாக் கடையறதுக்கு டெயில் ஸ்டாக்கை நவுத்துனீங்களே, திருப்பி நேரா வெச்சீங்களா?"

வைக்கவில்லை. இரண்டு பக்கமும் சென்டர் என்கிற கூர்முனையை மாட்டிப் பார்த்தேன். முனையோடு முனை சேராமல் அரை நூல் தள்ளி நின்றது. டிரில் நடுவில் இறங்காமல் துளையை அகலமாக்கியது அதனால்தான்.

"காலைல இருந்து அதத்தானுங்க சொல்ல வந்தேன்" என்றார்.

டெயில் ஸ்டாக்கை நேராக்கித் துளைத்தேன். பின் கச்சிதமாக இறங்கியது. எனக்கு வந்த எரிச்சலை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

ரோலர் ஓடியது, கொழுந்து தப்பியது. மேக்கர் திரும்பி வந்து, இனிமேல் ஒர்க்‌ஷாப் சாமானை வீட்டுக்குக் கொண்டுபோகிற வேலை வேண்டாம் என்று ஃபிட்டரிடம் கடுமையாகச் சொன்னார்.

"சரிங்க" என்றார் ஃபிட்டர். என் பக்கம் திரும்பவே இல்லை.

காலையிலிருந்து ஓயாத என் வாய், அப்போது பார்த்துத் திறக்கவில்லை.