சிரிப்புக்கு விடாத இடைவெளி

1. ரேஷன் கடைக் குரல்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று டைரக்டர் சார் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "நடிக்காதம்மா."

ஓசூரை அடுத்த உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்து எங்கள் சீரியலை எடுத்தார்கள். குடும்ப காமெடி. வாரம் ஒரு சமூகப் பிரச்சினை அந்த வீட்டுக்குள் நுழையும். குடி, வரதட்சணை, கந்துவட்டி என்று எதையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக் கடைசியில் தீர்த்து வைப்பார்கள். இங்கே வாடகை குறைவு. பெங்களூரு நடிகர்கள் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடலாம்.

எனக்குக் கிடைத்தது ப்ராம்ப்டிங் வேலை. கேமராவுக்குக் கீழே உட்கார்ந்து வசனத்தைத் துண்டு துண்டாகச் சத்தமாகப் படிக்க வேண்டும். நடிகர்கள் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வார்கள். யாரும் மனப்பாடம் செய்வதில்லை. பிறகு சென்னையில் டப்பிங் பேசும்போது என் குரல் மொத்தமாகப் போய்விடும்.

"நீ உருகிப் படிச்சா அவங்களும் அதே மாதிரி உருகுவாங்க. ரேஷன் கடையில பேர் கூப்பிடற மாதிரி படி," என்றார். அப்படியே படித்தேன். இரண்டு வாரத்தில் அந்த யூனிட்டிலேயே தெளிவான குரல் என்று பெயர் வாங்கினேன்.

சூளகிரிப் பக்கம் எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். பி.ஏ. தமிழ். கன்னடமும் தெலுங்கும் பேச வரும். அம்மா வேஷம் போடும் நடிகைக்குத் தமிழ் சரியாக வராது. பெங்களூருக்காரர். ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் அவருக்கு அர்த்தத்தைக் கன்னடத்தில் சொல்வதும் என் வேலைதான். என்னை "புட்டி" என்று கூப்பிடுவார், கன்னடத்தில் சின்னப் பெண் என்று அர்த்தம். "நீ சும்மா இருந்தா நானு ஊமை, புட்டி," என்பார்.

அப்பாவுக்கு மட்டும் இது வேலையாகவே தெரியவில்லை. "டிவிக்குப் பின்னாடி குந்திக்கினு படிக்கறதுக்கா டிகிரி?" என்றார்.

மதியம் சாப்பாட்டுக்கு நடிகர்கள் மாடிக்குப் போவார்கள். லைட்மேன்கள் வேனுக்குப் பக்கத்தில் வட்டமாக உட்காருவார்கள். நான் இரண்டிலும் சேராதவள். தட்டை எடுத்துக்கொண்டு ஜெனரேட்டருக்குப் பின்னால் போய்விடுவேன். அந்தச் சத்தத்தில் நான் தனியாகச் சாப்பிடுவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஓசூரில் என்னோடு ரூமில் தங்கியிருந்த இரண்டு பெண்களும் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். நான் கதவைத் திறக்கும்போது ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள், இன்னொருத்தி செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். நாளெல்லாம் அடுத்தவர் வசனத்தைப் பேசிவிட்டு வந்து, சொந்தமாக ஒரு வார்த்தைகூடப் பேசாமல் படுத்த நாட்கள் நிறைய.

2. கேப்

எங்கள் சீரியலில் பார்வையாளர்கள் கிடையாது. சிரிப்பை எடிட்டிங்கில் ஒட்டுவார்கள். அதற்கு இடம் வேண்டுமே. அதனால் ஜோக் முடிந்ததும் ப்ராம்ப்டர் அடுத்த வரியை உடனே கொடுக்கக் கூடாது. கொஞ்சம் நிறுத்த வேண்டும். நடிகர்கள் அந்த நேரம் முகத்தை அப்படியே வைத்திருப்பார்கள். இதற்குப் பெயர் கேப். கேப் விடுவது என் பொறுப்பு.

ஒருநாள் குழந்தைத் திருமணம் பற்றிய எபிசோடு வந்தது. பதினாறு வயதுப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பெண் உள்ளே அழுகிறாள். அம்மா சொல்ல வேண்டிய வசனம்: "அழுதா அழுவட்டும். நானுந்தான் மூணு நாள் அழுதேன். நாலாம் நாள் எழுந்து ரசம் வெச்சேன்." அதற்குப் பக்கத்தில் 'சிரிப்பு' என்று குறித்திருந்தது.

என் அக்கா ஒன்பதாவதோடு நின்றவள். அவளைப் பதினாறு வயதில் கெலவரப்பள்ளிப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். பத்தாவது முடித்ததும் எனக்கும் மாப்பிள்ளை பார்த்தார்கள். அக்கா வந்து அப்பாவிடம், "என்ன ஒருத்திய அனுப்புனது போதும், இவள உடுங்க," என்றாள். அதனால்தான் நான் படித்தேன். எங்கள் சீரியலை ஒரு வாரம்கூட விடாமல் பார்ப்பவள் அவள். அந்த வரிக்கு டிவி சிரிக்கும், அதை அவள் உட்கார்ந்து கேட்பாள்.

முதல் டேக். ரசம் என்ற வார்த்தை முடிந்த உடனே அப்பா வேஷக்காரருக்கு அடுத்த வரியைக் கொடுத்துவிட்டேன்.

"கட். கேப் எங்கம்மா?"

இரண்டாவது டேக்கிலும் அதையே செய்தேன். காட்சி முடிந்ததும் டைரக்டர் சார் எழுந்து வந்தார்.

"தூங்கறியா?"

"இல்ல சார். மத்த ஜோக்குக்கெல்லாம் கேப் உடறேன். இதுக்கு மட்டும் வேணாம் சார்."

"ஸ்கிரிப்ட் நீ எழுதுனியா?"

"எங்க அக்காவுக்குப் பதினாறுல கல்யாணம் சார். அவங்க இத பாப்பாங்க."

அவர் கத்தவில்லை. "இங்க பாரு. அழ வெச்சா ஜனங்க ரிமோட்ட எடுத்துருவாங்க. சிரிச்சிக்கிட்டே இருந்தாத்தான் கடைசில சட்டம் சொல்றப்பவும் உக்காந்திருப்பாங்க. உங்க அக்கா மாதிரி இன்னொரு பொண்ணுக்கு நடக்கக் கூடாதுன்னுதான் இந்த எபிசோடே," என்றார். அது நியாயமான பதில். ஆனாலும், "இதுக்கு வேணாம் சார்," என்றே மறுபடியும் சொன்னேன்.

பேப்பரை என் கையிலிருந்து வாங்கி அசோசியேட் டைரக்டரிடம் கொடுத்தார். அவர் மதுரைக்காரர், வேகமாகப் பேசுவார். அம்மா நடிகைக்குப் பாதி வார்த்தை பிடிபடவில்லை. மூன்று டேக் வீணானது.

"சார், இவரு எக்ஸ்பிரஸ் ரயில். எனக்கு ஏற முடியல. அந்தப் புட்டிய கூப்பிடுங்க," என்றார் அவர்.

வீட்டுக்காரர் கேட்டைப் பூட்ட வேண்டும் என்று வந்து நின்றுவிட்டார். எல்லாரும் ஒரே ஃப்ரேமில் இருக்கும் ஷாட் அது. நடுவில் வெட்டிச் சிரிப்புக்கு இடம் உண்டாக்கவும் வழியில்லை. டைரக்டர் சார் மானிட்டரையே பார்த்தார். "ரெண்டாவது டேக் ஓகே. பேக்கப்." என் பக்கம் திரும்பி, "நாளைக்கு நீ வர வேணாம்," என்றார்.

3. கெலவரப்பள்ளியில்

ஒரு வாரம் அழைப்பு வரவில்லை. ரூமில் ஆள் தூங்குவதால் ஃபேன் சத்தத்துக்கு மேல் சத்தம் போட முடியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவேன். வீட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த வாரம் கூப்பிட்டார்கள். புதிதாக வந்த ப்ராம்ப்டரோடு அம்மா நடிகைக்கு ஒத்துவரவில்லை என்று கேள்விப்பட்டேன். டைரக்டர் சார் பேப்பரை நீட்டினார்.

அந்த எபிசோடு வந்த ஞாயிறன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா வயலில் இருந்தார். நாங்கள் இருவர்தான்.

"சொல்லாம கொள்ளாம வந்துட்ட. வேல போச்சா?" என்றாள்.

"சும்மா வந்தேன்."

"மூஞ்சியப் பாத்தா சும்மா மாதிரி இல்லயே."

அந்தக் காட்சி வந்தது. நான் டிவியைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தேன். நாலாம் நாள் எழுந்து ரசம் வெச்சேன். டிவி சிரிக்கவில்லை. அப்பா வேஷக்காரர் உடனே பேச ஆரம்பித்தார்.

அக்கா சிரித்தாள். அடுத்த இரண்டு வசனம் காதில் விழாத அளவுக்கு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"நாலாம் நாளா? கொடுத்து வெச்சவ. என்ன ரெண்டாம் நாளே களி கிண்டச் சொல்லிட்டாங்கடி," என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வீட்டைப் பற்றி அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. அங்கே சிரிக்காமல் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான்.

ப்ராம்ப்டிங்குக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு இதிலிருந்து நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அந்த வரியில் சிரிப்பே வரக் கூடாது என்று நினைத்துத்தான் நான் வேலையைப் பணயம் வைத்தேன். அந்த நினைப்பு தப்பு. சிரிக்கிற உரிமை அவளுக்கு இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. ஆனால் அன்று டிவி முந்திக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்திருந்தால் அவள் வாயைத் திறந்திருக்க மாட்டாள்.