பகலில் இருமல், ராத்திரியில் காய்ச்சல்

முதலில் வந்தது வெறும் இருமல்தான். தாராவியில் மழைக்காலத்தில் இருமாதவன் யார்? நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அறுபதுகளில் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் பலர் ஒரே கோலியில் (ஒற்றை அறையில்) தங்கியிருந்தோம். பகல் ஷிப்டுக்காரர்கள் ராத்திரி படுப்போம். ராத்திரி மில்லுக்குப் போகிறவர்கள் காலையில் வந்து அதே பாய்களில் படுப்பார்கள். பாய் ஆறுவதற்கு நேரமிருக்காது. உடம்பு நன்றாக இருக்கும்வரை இது நல்ல ஏற்பாடுதான். நோயாளிக்கோ பகலும் ராத்திரியும் பாய் வேண்டும்.

நான் லேத் பட்டறையில் பகல் வேலை பார்த்தேன். எழுந்திருக்க முடியாமல் படுத்ததும், பகலில் என் பாய்க்கு உரியவர் சாரல் அடிக்கும் வாசலில் படுக்க வேண்டியதாயிற்று. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்வது நியாயமில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

ராத்திரி என் பக்கத்தில் படுப்பவன் செல்லத்துரை. இருட்டினால் என் உடம்பு அனலாய்க் கொதிக்கும், பிதற்றுவேன். விடிந்ததும் ஓர் ஆஸ்பிரின் மாத்திரையை என் வாயில் போட்டு, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவன் வேலைக்கு ஓடுவான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். மாத்திரை வியர்வையைக் கொட்ட வைத்து உடம்பைக் குளிர்த்திவிடும். அந்த நேரத்தில்தான் பேச்சிமுத்து அண்ணாச்சி மில்லிலிருந்து வருவார்.

அண்ணாச்சி எங்கள் அறைக்குப் பெரியவர். போலீஸானாலும் வீட்டுக்காரரானாலும் எங்களுக்காகப் பேசுவது அவர்தான். ஒரு நாள் காலையில் என்னை மாட்டுங்காவில் ஒரு தமிழ் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

“ஜுரம் இருக்கா?” என்று டாக்டர் கேட்டதும் அவரிடம்தான்.

“இல்ல சார். உடம்பு சில்லுனுதான் கெடக்கு. இருமத்தான் செய்யுதான்.”

நான் வாயைத் திறந்தேன். “நீ சும்மா இருல, அதான் நான் சொல்லுதம்லா” என்றார் அண்ணாச்சி.

டாக்டர் ஈரச் சட்டைக்கு மேலேயே குழாயை வைத்துப் பார்த்தார். “பிராங்கைட்டிஸ் (மூச்சுக்குழாய் அழற்சி), பயப்படறதுக்கு ஒண்ணுமில்லை” என்று ஒரு பாட்டில் மிக்ஸ்சர் கொடுத்தார்.

இதைப் படிக்கும் நோயாளிகளுக்காகச் சொல்கிறேன். இரண்டு நோயும் இருமலாகத்தான் தொடங்கும். பிராங்கைட்டிஸ் குழாய்களோடு நின்றுவிடும். நிமோனியா என்பது குழாய்களின் முனையில் இருக்கும் காற்றறைகளில் சீழும் நீரும் கட்டிக்கொள்வது. குளிர்நடுக்கத்தோடு கடும் காய்ச்சல், மூச்சை இழுத்தால் விலாவில் குத்தல், சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குதல் ஆகியவை இருந்தால் காத்திருக்கக் கூடாது. எனக்கு எல்லாமே இருந்தன. பார்த்தவர்கள்தான் என் நோயைப் பங்கு போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

மிக்ஸ்சர் தீர்ந்தது. சளி துருப்பிடித்த நிறத்தில் வர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கும் பட்டறைக்கும் லீவு. இரண்டு ஷிப்டுக்காரர்களும் அன்று ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள்.

“அண்ணாச்சி, ராத்திரி பூரா கொதிக்கான், அவங்க அம்மையக் கூப்புடுதான். டாக்டர்ட்ட சொல்லலியா?” என்றான் செல்லத்துரை.

“காலைல நான் தொட்டுப் பாத்தா குளுந்துல்லா கெடக்கான்?”

“மாத்திர குடுக்கேன்லா அண்ணாச்சி.”

அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு ஆளுக்கொரு பக்கம் பிடித்து, டாக்சியில் ஏற்றி என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே இருந்த மராட்டி டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைத் தட்டினார். மேலே ‘டொண்’ என்று கேட்டது. வலது அடிப்பக்கம் தண்ணீர் நிரம்பிய தகர டின் போலச் சத்தமே எழவில்லை. எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. நிமோனியா முற்றி, நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள் சீழ் கட்டியிருந்தது.

“இத்னி தேர் க்யோன் கீ?” (ஏன் இவ்வளவு தாமதம்) என்று கத்தினார் டாக்டர். அண்ணாச்சி செல்லத்துரையைப் பார்த்தார். செல்லத்துரை சுவரைப் பார்த்தான்.

விலாவுக்குள் ஊசி போட்டுச் சீழை எடுத்தார்கள். பென்சிலின் ஊசி போட்டுப் போட்டு இடுப்பு மரத்தது. பிழைத்தேன். ஆனால் வலது நுரையீரலின் அடிப்பாகம் ஒட்டிப்போய்விட்டது, இனி விரியாது என்றார்கள்.

திரும்பி வந்தபோது என் பாயில் ஊரிலிருந்து வந்த புது ஆள் படுத்திருந்தான்.

“எடம் சும்மா கெடந்துதுல்லா” என்றார் அண்ணாச்சி. “மில்லுல நைட்டுக்குச் சொல்லுதேன், நீ பகல்ல படுத்துக்கோ.”

பஞ்சுத்தூசி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அண்ணாச்சியும் பக்கத்தில் நின்று கேட்டவர்தான். நான் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அன்றிலிருந்து பட்டறைக்குப் பின்னால் சாமான் அறையில் தனியாக இருக்கிறேன். மாஹிம் ஸ்டேஷன் படியில் பாதியில் நின்றுவிடுகிறேன்; பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொண்டு திட்டிவிட்டுப் போகிறார்கள். வலப்பக்கம் படுத்தால் வேறொருவனுடைய விலா எனக்குள் கிடப்பதுபோல் இருக்கிறது. மற்றவர்களுக்குச் சாயங்காலம் என்றால் வேலை முடிகிற நேரம். எனக்கு அது காய்ச்சல் வரக்கூடிய நேரம்.

விளக்கேற்றியதும் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றும் தெரிவதில்லை. உடம்பு கொதித்தால் கையும் சேர்ந்துதானே கொதிக்கும்.